பேஜ்மேக்கரில் அப்பா அடித்த தமிழை மீட்க முடியுமா?

குடவாசல் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பா 2003-இல் தம் டிடிபி கடையில் ஊர்க் கோயிலின் தலவரலாற்றையும் குடும்பத்தின் ஐந்து தலைமுறைப் பெயர்களையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்துச் சிடியில் வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. ஒரு கடைக்காரர் வைரஸ் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் திரும்ப அடிக்கப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்கிறார். அச்சுப் பிரதியோ பாதிதான் கிடைத்திருக்கிறது. எந்த மென்பொருளில் மாற்றலாம், தமிழுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி, இப்போது எல்லாரும் பயன்படுத்தும் பொது எழுத்துத் தரமான யூனிகோடும் இருபது வருடத்தில் இப்படித்தான் ஆகுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: அப்பா அடித்த எழுத்து அந்தச் சிடிக்குள் இன்னும் இருக்கிறதா? இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் 1996-இல் கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு சொந்தக் கடை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கருமாதிப் பத்திரிகை, ரசீது புத்தகம் என்று இருபது வருடத்துக்கு மேல் அடித்திருக்கிறேன். பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லி வருபவர்கள் அதிகமானபோது பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு அதற்கென்று சின்ன நிரல்கள் எழுத ஆரம்பித்தேன். உங்கள் ஃபைலை நான் பார்க்கவில்லை. நீங்கள் போட்டிருந்த ஒரே ஒரு வரியை வைத்துத்தான் பேசுகிறேன், அதனால் எது உறுதி, எது ஊகம் என்பதைப் போகிற போக்கில் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

அந்த வரியில் ஓர் இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சின்ன ஆங்கில எழுத்துகளும் அதையொட்டி ஓர் அரைப்புள்ளியும் இருக்கின்றன. அது 'தமிழ்' என்ற சொல். ஜே விசையில் த, கே-யில் ம, பி-யில் இகரக் கொக்கி, ஓ-வில் ழ, அரைப்புள்ளியில் மேலே வைக்கும் புள்ளி. தமிழ்த் தட்டச்சு படித்தவர்கள் யாரிடம் காட்டினாலும் சட்டென்று சொல்வார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் விரலை வைக்கச் சொல்லும் நடு வரிசை ய, ள, ன, க, ப, கால், த, ம, ட, புள்ளி என்று போகும். ஆங்கில விசைப்பலகையில் அதே வரிசை ஏ-யில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிகிறது. பாமினி என்ற ஃபாண்ட் பெரும்பாலும் அந்தத் தட்டச்சு அடுக்கை ஒட்டியே எழுத்துகளை உட்கார வைத்தது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உங்கள் அப்பா அடித்தது ஆங்கிலம்தான். ஜே-யின் படம் இருக்க வேண்டிய இடத்தில் த-வின் படத்தை அந்த ஃபாண்ட் வரைந்து வைத்திருந்தது. ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அந்தப் படம் வராது, அடியில் இருந்த எழுத்து அப்படியே நிற்கும். ஆகவே இப்போது திரையில் நீங்கள் பார்ப்பது அவர் எந்த விசைகளை எந்த வரிசையில் அழுத்தினாரோ அதன் பதிவு. ஷிஃப்டை எங்கே பிடித்தார், எங்கே விட்டார் என்பது வரை அதில் இருக்கிறது.

வைரஸ் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். கெட்டுப்போன ஃபைலில் சொல்லுக்குச் சொல் இடைவெளியும், வரி முடிவில் முற்றுப்புள்ளியும் இவ்வளவு ஒழுங்காக நிற்காது. பாமினிதானா என்றால், கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அதே அடுக்கில் வேறு பெயரில் வந்த ஃபாண்டுகளும் உண்டு. அவற்றில் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது ஆங்கில எழுத்துக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும், முக்கால் என்ற பின்னக் குறியும், சென்ட் காசுக் குறியும் வருகிறது என்றால் அது வேறு குடும்பம். டிஸ்கி என்ற குறியேற்றத்தில், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வைத்த ஏற்பாட்டில், த-வின் இடத்தில்தான் அந்த முக்கால் குறி இருக்கும், இகரக் கொக்கியின் இடத்தில் சென்ட் குறி.

மாற்றுகிற வேலைக்கு முன் சிடியைக் காப்பாற்றுங்கள். இருபது வருடச் சிடி எப்போது வேண்டுமானாலும் கைவிடும். இன்றைக்கே முழுதாக ஒரு பென்டிரைவிலும் இன்னொரு கம்ப்யூட்டரிலும் பிரதி எடுங்கள். பேஜ்மேக்கர் ஃபைலை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விடாதீர்கள். டிடிபி பழக்கம் உள்ளவர் என்றால் ஃபாண்ட் ஃபைலையும் அதே சிடியில் போட்டு வைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிறகு பிரதியைத்தான் திறக்க வேண்டும், மூலத்தை அல்ல. பேஜ்மேக்கர் 6.5 அல்லது 7 உள்ள பழைய கம்ப்யூட்டர் குடவாசலிலோ கும்பகோணத்திலோ ஏதாவது அச்சகத்தில் கிடைக்கக்கூடும். பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளின் பழைய பதிப்புகளும், சிஎஸ்6 வரை, இந்த ஃபைல்களைத் திறக்கும். திறக்கும்போது, இல்லாத ஃபாண்டுகளின் பெயர்களைப் போட்டு, பதிலுக்கு எதை வைக்கட்டும் என்று கேட்டு ஒரு பெட்டி வரும். எல்லாரும் ஓகே கொடுத்து அதைக் கடந்து போய்விடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய சாவி அந்தப் பெட்டியில்தான் எழுதியிருக்கிறது. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, எதையும் சேமிக்காமல் மூடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2006-இல் என் கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். ஃபைல்களை எல்லாம் பிரதி எடுத்தவன் ஃபாண்ட் ஃபோல்டரை மறந்துவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊரின் வாய்க்கால்களையும் மதகுகளையும் பற்றி எழுதிய அறுபது பக்கங்கள் அதில் இருந்தன. ஏதோ ஒரு சிறு நிறுவனத்தின் ஃபாண்ட். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நல்ல வேளையாக அவரிடம் நான்கு பக்கம் புரூஃப் அச்சில் இருந்தது. அதையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் குறி இந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக அட்டவணை போட்டு, மூன்று வாரத்தில் மீட்டோம். உங்களிடம் பாதிப் பிரதி அச்சில் இருப்பதால் ஃபாண்டே கிடைக்காவிட்டாலும் இந்த வழி திறந்திருக்கிறது. ஒருவர் உங்களிடம் பணம் கேட்பது நூறு பக்கத்துக்கு மேல் திரும்ப அடிக்க. உண்மையில் தேவைப்படுவது நூற்றுச் சொச்சம் குறிகளுக்கு ஓர் அட்டவணை.

ஃபாண்ட் பெயர் தெரிந்துவிட்டால் மாற்றும் வேலை எளிது. நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வர்ட்டர், இணையத்தில் இருக்கும் சுரதாவின் பொங்குதமிழ், பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நிரலகம் என்று காசு கொடுக்காமல் கிடைப்பவையே போதும். பாமினியை எல்லாமே அறியும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நடுவில் வேர்டில் வைத்துத் திருத்தாதீர்கள். அங்கே எதையாவது அடிக்கும்போது வேர்ட் தானாகவே வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். ஆங்கிலத்தில் அது உதவி. பாமினியிலோ சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. சின்ன எஃப் க, பெரிய எஃப் கு. வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் 'அம்மன்' 'ஆம்மன்' ஆகிவிடும், நீங்கள் கவனிக்காமலே. பேஜ்மேக்கரிலிருந்து வெறும் உரையாக ஏற்றுமதி செய்து, நோட்பேட் போன்ற எளிய செயலியிலேயே கையாளுங்கள். முதலில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி, அச்சுப் பிரதியோடு ஒத்துப் பார்த்த பிறகே மீதிக்குப் போங்கள்.

இனி நேரம் பிடிக்கிற பகுதி. மாற்றி முடித்ததும் திரையில் தமிழ் வரும், மனசு நிறைந்துவிடும். அங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். சில தவறுகளைக் கன்வர்ட்டர்கள் பெரும்பாலும் தாமாகத் திருத்துவதில்லை. பழைய ஃபாண்டுகளில் ஔகாரத்தின் பின்பகுதியும் ளகரமும் பெரும்பாலும் ஒரே குறி. அதனால் கௌரி என்ற பெயர் ஒற்றைக் கொம்பு, க, ள என்று மூன்றாகச் சேர்ந்து கெளரி என்று உட்காரும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. இன்னொன்று ர்-உம் ரி-யும். தட்டச்சு எந்திரத்தில் பழகியவர்கள் கால் எழுத்தின் மேல் புள்ளி வைத்து ர் என்று முடிப்பார்கள். காகிதத்தில் அதில் தவறே இல்லை. மாற்றிய பிறகு அதுவே அவா்கள், ஊாில் என்று வரும். இன்றைக்கும் இணையத்தில் எத்தனையோ அறிவிப்புகளும் செய்திகளும் இப்படித்தான் கிடக்கின்றன. அடித்தவருக்கே அது தெரியாது. கோயில் வரலாறு என்பதால் ஸ்ரீ-யையும் பாருங்கள். ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ ஒன்று; பல ஃபாண்டுகளில் இரண்டுக்கும் உருவம் ஒன்றே. ஏதாவது ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். அப்புறம், அப்பா நடுவில் ஆங்கிலத்தில் அடித்த சொற்கள் இருந்தால், வெறும் உரையாக ஏற்றுமதி ஆகும்போது எது எந்த ஃபாண்ட் என்ற தகவல் போய்விடும். கன்வர்ட்டர் அவற்றையும் தமிழ் என்று நினைத்துப் பொருளில்லாத எழுத்துக் கூட்டமாக மாற்றிவிடும். அப்படி ஒரு துண்டு கண்ணில் பட்டால் அழிக்காதீர்கள், பேஜ்மேக்கர் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

ர-வும் காலும் குழம்புவது நம் பகுதிக்குப் புதிதில்லை. ஓலைச்சுவடியில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், புள்ளியும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் இரட்டைக் கொம்பு வைத்து ஏகாரத்தைப் பிரித்தார் என்பார்கள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இதே ர, கால், புள்ளிச் சிக்கலை ஏடு ஏடாக ஒத்துப் பார்த்துத்தான் தீர்த்தார். உங்கள் முன்னால் இருக்கும் வேலையும் அதே இனம்தான், அளவு சிறியது.

சாட்பாட்டில் ஒட்டினால் அதுவே தமிழாக்கித் தருமே என்று இங்கே ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருந்தார். இந்த வேலைக்கு அது வேண்டாம் என்பேன். அட்டவணை வைத்து மாற்றினால் ஒரு குறிக்கு எப்போதும் ஒரே எழுத்துதான் வரும். தவறு வந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும், ஒரேயடியாகத் திருத்திவிடலாம். சாட்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகள் அடுத்து எது வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. பொதுவான வாக்கியம் சரியாக வரலாம். ஆனால் கொள்ளுத்தாத்தாவின் பெயர், மறைந்துபோன ஒரு வாய்க்காலின் பெயர், மானிய நிலத்தின் எல்லை இவற்றை வேறெங்கும் படித்திருக்க வழியில்லாத ஒன்று, அதே சாயலில் இன்னொரு பெயரை வெகு இயல்பாக எழுதிவிடக்கூடும். படிக்க நன்றாக இருப்பதால் உங்களுக்குச் சந்தேகமே வராது. எழுத்துக் கூட்டிப் பார்க்கிற பிழைதிருத்தத்துக்கு வேண்டுமானால் பின்னால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழுக்கு மட்டும் இல்லை, ஆனால் நமக்குக் கூடுதலாகவே நேர்ந்தது. அந்தக் கால முறையில் மொத்தம் 256 இடங்கள். பாதியை ஆங்கிலமும் கட்டளைக் குறிகளும் பிடித்துக்கொண்டன. நம்முடைய 247 எழுத்துகள் மீதி 128 இடத்தில் எப்படி உட்காரும்? கொம்பு, கால், கொக்கி என்று துண்டு போட்டு அடைத்தார்கள். அதில் பிழையில்லை, தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியபோதும் ஈய எழுத்துகளைத் துண்டுகளாகத்தான் கோத்தார்கள். பிழை வேறு இடத்தில். ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு ஒரு வரிசை வைத்தது. ஒருவர் ஃபாண்டில் அடித்ததை இன்னொருவர் ஃபாண்டில் திறக்க முடியாது, அதனால் வாடிக்கையாளர் விட்டுப் போக மாட்டார் என்ற கணக்கும் அதில் இருந்தது என்று கடை நடத்தியவன் என்ற முறையில் நினைக்கிறேன். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டேப், டேம் என்று பொதுக் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஆனால் கடைகளில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஃபைல்கள் பழைய ஃபாண்டில் குவிந்திருந்தன. மாறினால் போன வருடப் பத்திரிகையைத் திறந்து தேதியை மட்டும் மாற்ற முடியாதே. நானும் அந்தக் காரணத்தால்தான் மாறவில்லை.

யூனிகோடு 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியது. விண்டோஸில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000-இல், லதா ஃபாண்டோடு. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, யூனிகோடையும் டேஸ்16 என்ற அனைத்தெழுத்து முறையையும் தரமாக அறிவித்தது. டேஸ்16-இல் கொ என்றால் ஒரே இடம், ஒரே எண். யூனிகோடில் க, த போன்ற அகரம் ஏறிய எழுத்துகளுக்குத்தான் தனி எண், மற்ற உயிர்மெய்கள் அவற்றோடு ஒரு குறி சேர்ந்துதான் உருவாகும். நிரல் எழுதும்போது இது தொல்லைதான். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. நம் கணக்கில் மூன்று. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70, அதிலும் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. இந்தக் குறைகளை எழுப்பியவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. இருந்தாலும் உங்கள் கேள்விக்கு என் விடை யூனிகோடுதான். ஒருமுறை ஓர் எழுத்துக்குக் கொடுத்த எண்ணை மாற்றவோ நீக்கவோ மாட்டோம் என்று அவர்கள் கொள்கையே வைத்திருக்கிறார்கள். ஃபாண்ட் தொலைந்தாலும் த-வின் எண் த-வின் எண்தான். இன்னொரு ஃபாண்டை வைத்துப் படித்துக்கொள்ளலாம். உங்கள் அப்பாவின் ஃபைலுக்கு நேர்ந்தது யூனிகோடு உரைக்கு நேராது என்பதை உறுதியாகச் சொல்வேன். சிடி கெடுவது, பென்டிரைவ் தொலைவது, மெயில் கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் போவது இவற்றுக்கு அது உத்தரவாதம் இல்லை.

இன்னும் பழைய ஃபாண்டில்தான் அடிக்கிறேன் என்று சொல்லும் அச்சகக்காரரிடம் கோபப்படாதீர்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு கடைசி வரை தெரியாது. கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய அலங்கார எழுத்துகள் அவரிடம் நூற்றுக்கணக்கில் பழைய ஃபாண்டில் இருக்கின்றன. உங்களைப் போன்றவர்கள் ஃபைலைக் கொண்டு வரும்போது அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் உதவப் போகிறது.

எல்லாம் முடிந்ததும் யூனிகோடில் வெறும் உரையாக ஒன்று, பிடிஎஃப் ஒன்று, காகிதத்தில் நல்ல அச்சு இரண்டு பிரதி வையுங்கள். அப்பாவின் பேஜ்மேக்கர் ஃபைலையும் ஃபாண்டையும் அதே ஃபோல்டரில் அப்படியே விட்டுவையுங்கள். நாளைக்கு ஒரு பெயரில் சந்தேகம் வந்தால் அவர் எந்த விசையை அழுத்தினார் என்று அங்கேதான் பார்க்க முடியும். தலவரலாற்றுப் பகுதியை மட்டும், ஊர்க்காரர்கள் சம்மதித்தால், இணையத்தில் பொதுவில் ஏற்றலாம். குடும்பப் பெயர்களை ஏற்ற வேண்டாம், உயிரோடு இருப்பவர்களும் அதில் இருப்பார்கள்.

அந்தப் பெட்டியில் வரும் ஃபாண்ட் பெயர்களையும் ஒரு பக்க உரையையும் இங்கே போடுங்கள், எந்த அட்டவணை பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். புரூஃப் பார்க்க ஊரில் இருக்கும் உங்கள் அத்தையை உட்கார வையுங்கள். நீங்கள் சத்தமாகப் படியுங்கள், அவர் கேட்கட்டும். அவர் ஒரு பெயரைத் திருத்தினால், அப்பா அடித்ததை அழித்துவிட்டு எழுதாமல், பக்கத்தில் தனியாக அத்தை சொன்னது என்று குறித்து, தேதி போடுங்கள்.